சுங்கச் சாலை ஏலம்: தோற்றவருக்குத் தரும் தொகையும் வென்றவர் தரும் தொகையும்

வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சுங்கச் சாலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், ஏலத்தில் தோற்ற நிறுவனங்களுக்கும் அங்கே அரசு பணம் கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றையும், அவற்றையொட்டி எழுந்த வேறு கேள்விகளையும் சற்றுச் சுருக்கி எடுத்துக்கொண்டு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: டெண்டரில் தோற்றவருக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்து எதற்காகத் தொகை கொடுக்க வேண்டும்? தொழிலில் இறங்கினால் லாபமும் நட்டமும் இறங்கியவருடையதுதானே?
(வாசகர், மதுரை)

பதில்: சாதாரண டெண்டராக இருந்தால் உங்கள் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. அங்கே சாலையின் வரைபடம், மண் பரிசோதனை, பாலத்தின் கணக்கு எல்லாவற்றையும் அரசுப் பொறியாளர்களே முடித்து வைத்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர் அந்த அளவுகளுக்குத் தம்முடைய விலையைப் போட்டு உறையை ஒட்டிக் கொடுத்தால் போதும். தோற்றால் அவருக்குப் போவது சில வார உழைப்பு.

டெக்சஸில் இந்தத் தொகை சேருவது வேறு வகை ஏலத்துக்கு. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே கையில் ஒப்படைக்கும் ஒப்பந்தங்களும், கட்டி முடித்து ஐம்பது ஆண்டுகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையையும் சேர்த்துத் தரும் குத்தகை ஒப்பந்தங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் விலை சொல்வதற்கு முன்பே ஏலதாரர் சாலையைப் பாதிக்கு மேல் காகிதத்தில் கட்டியாக வேண்டும். எந்த இடத்தில் மேம்பாலம் ஏறி எங்கே இறங்கும், அடுத்த அரை நூற்றாண்டில் எத்தனை வண்டிகள் ஓடும், கடன் எந்த வட்டிக்குக் கிடைக்கும் என்பதையெல்லாம் பொறியாளர்களையும் போக்குவரத்துக் கணிப்பாளர்களையும் வங்கிகளையும் வழக்கறிஞர்களையும் வைத்துத் தீர்த்துக்கொண்ட பிறகே ஒரு விலையைச் சொல்ல முடியும். இறுதிச் சுற்றுக்கு மூன்று அல்லது நான்கு நிறுவனங்கள் வந்தால் ஒன்றுதான் வெல்லும். மற்றவை செலவிட்டது அத்தனையும் வீண் என்றால், அடுத்த ஏலத்துக்கு இரண்டு பேர் வருவதே அரிதாகிவிடும். போட்டி குறைந்த ஏலத்தில் அரசு இழக்கும் தொகை, தோற்றவருக்குத் தரும் தொகையைக் காட்டிலும் பல மடங்கு.

டெக்சஸ் போக்குவரத்துச் சட்டத்தொகுப்பின் 223ஆம் அத்தியாயம் இதை நிவாரணமாகக் கருதாமல் கொள்முதலாகவே எழுதியிருக்கிறது. விதிகளுக்கு உட்பட்டு முழுமையான முன்மொழிவைக் கொடுத்துத் தோற்ற நிறுவனத்துக்கு, அந்த முன்மொழிவில் அடங்கிய உழைப்புக்கு ஈடாக, முன்கூட்டியே அறிவித்த ஒரு தொகையைப் போக்குவரத்துத் துறை கொடுக்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு அந்த முன்மொழிவிலுள்ள வடிவங்களும் தொழில்நுட்பங்களும் வழிமுறைகளும் தகவல்களும் துறைக்கும் அந்த நிறுவனத்துக்கும் கூட்டுச் சொத்து. தோற்றவர் ஒரு சந்திப்பில் இரண்டு தூண்களைக் குறைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தால், அதை வென்றவரின் சாலையில் பயன்படுத்திக்கொள்ள அரசுக்கு உரிமை உண்டு. அப்படிப் பயன்படுத்தியதில் பிழை நேர்ந்தால், யோசனையைக் கொடுத்த நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது. அது துறையின் பொறுப்பு. இந்த ஏற்பாடு நியாயமானது என்பதே எம் கருத்து.

கேள்வி: அப்படியானால் வெல்லும் எண்ணமே இல்லாமல், இந்தத் தொகைக்காகவே ஏலத்தில் கலந்துகொள்ள மாட்டார்களா? எவ்வளவு கிடைக்கும்?
(வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: செய்த செலவு முழுவதும் ஒருபோதும் திரும்பி வராது என்பதுதான் அதற்குத் தடை. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் விதிகள், முன்மொழிவைத் தயாரிக்க ஆகும் உத்தேசச் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கொடுப்பதையே வழக்கமான அளவாகக் குறிப்பிடுகின்றன. பத்து ரூபாய் போட்டு ஐந்து ரூபாய் எடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

டெக்சஸ் சட்டம் இதற்கு மேலும் கீழும் வரம்பு வைத்திருக்கிறது. வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தங்களில் இந்தத் தொகை ஒப்பந்த மதிப்பில் 0.25 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது கீழ்வரம்பு. 100 கோடி டாலர் ஒப்பந்தமென்றால் அது 25 லட்சம் டாலர். முன்மொழிவில் துறைக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய பகுதியின் மதிப்பை மீறக்கூடாது என்பது மேல்வரம்பு. வெறும் காகிதத்தை நிரப்பிக் கொடுத்தவருக்கு, அதன் மதிப்பு குறைவு என்று காட்டித் தொகையைக் குறைக்கவும் துறைக்கு அதிகாரம் உண்டு. தகுதிச் சுற்றில் தேறி அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே இந்தக் கட்டத்துக்கு வர முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் எமக்கு ஒரு குறை தெரிகிறது. தோற்றவரின் உழைப்பு எவ்வளவு பெறும் என்பதைத் தீர்மானிப்பது, அதை வாங்கப்போகும் துறையேதான். எந்த யோசனையை எந்த விலைக்கு வாங்கினோம், அதில் எதைப் பிறகு சாலையில் பயன்படுத்தினோம் என்பதை ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு பக்கத்தில் வெளியிடுமாறு சட்டமே கட்டாயப்படுத்தினால், இந்தச் செலவைப் பற்றிய சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தினமும் சாம் ரேபர்ன் சுங்கச் சாலையில் வேலைக்குப் போகிறேன். அந்தச் சாலையை முதலில் ஒரு ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஏலத்தில் எடுத்தது என்றும், பிறகு சட்டம் போட்டு அதை மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
(வாசகி, பிளேனோ, டெக்சஸ்)

பதில்: உண்மைதான். சுங்கச் சாலை ஏலத்தொகையைப் பற்றி ஒரு மாநிலச் சட்டமன்றம் இவ்வளவு கடுமையாக மோதிக்கொண்ட வேறொரு நிகழ்ச்சியை எளிதில் சொல்ல முடியாது என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

2003ஆம் ஆண்டு டெக்சஸ் சட்டமன்றம் பிரதிநிதிகள் அவை மசோதா 3588ஐ நிறைவேற்றியது. தனியார் நிறுவனங்கள் சாலை கட்டி, நீண்ட காலத்துக்குச் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் விரிவான ஒப்பந்தங்களுக்கு அந்தச் சட்டம் பெரிய அளவில் கதவைத் திறந்துவிட்டது. பெட்ரோல் வரியை உயர்த்த விரும்பாத ஆளுநர் ரிக் பெரி, சாலைக்கான பணம் இந்த வழியில்தான் வரும் என்று உறுதியாக நம்பினார். டாலஸ் நகருக்கு வடக்கே கோலின், டென்டன் மாவட்டங்களின் வழியாக ஓடும் மாநில நெடுஞ்சாலை 121 அப்படி ஏலத்துக்கு வந்த சாலைகளில் ஒன்று.

2007 பிப்ரவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையம் ஸ்பெயினின் சின்ட்ரா நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்நிறுவனம் 210 கோடி டாலரை முன்பணமாகக் கொடுக்கவும், அதற்கு மேல் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டவும் ஒப்புக்கொண்டிருந்தது; அந்த ஆண்டுத் தொகைகளின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர். ஒரு சாலைக்காக ஒரு நிறுவனம் அரசுக்கு இவ்வளவு பணம் தருகிறது என்பதே முதலில் பெரும் வெற்றியாகத்தான் பேசப்பட்டது.

ஆனால் அப்போது சட்டமன்றம் கூடியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் 140 நாட்கள் மட்டுமே கூடும் அவை அது. ஐம்பது ஆண்டுச் சுங்க வசூல் வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போவதையும், உள்ளூரிலேயே வட டெக்சஸ் சுங்கச்சாலை ஆணையம் என்ற பொது அமைப்பு இருக்கும்போது அதற்கு வாய்ப்பு அளிக்காததையும் உறுப்பினர்கள் இரு கட்சிகளிலிருந்தும் எதிர்த்தார்கள். தனியார் சுங்க ஒப்பந்தங்களைத் தற்காலிகமாக நிறுத்தும் பிரதிநிதிகள் அவை மசோதா 1892 பெருவாரியான வாக்குகளுடன் நிறைவேறியது. மே 18 அன்று ஆளுநர் அதைத் தம் அதிகாரத்தால் நிராகரித்தார். அவரும் சட்டமன்றமும் பேசி ஒத்துக்கொண்ட மாற்று மசோதாவாக வந்ததுதான் செனட் மசோதா 792; அதில் அவர் ஜூன் 11 அன்று கையெழுத்திட்டார்.

இதற்கிடையே பொது ஆணையமும் விலை சொல்ல அனுமதிக்கப்பட்டது. அது இறுதியில் ஏறத்தாழ 320 கோடி டாலரை முன்பணமாகக் கொடுக்க முன்வந்தது. டாலஸ், ஃபோர்ட் வொர்த் வட்டாரப் போக்குவரத்துக் குழு ஜூன் மாதம் ஆணையத்தின் பக்கம் வாக்களித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பணமும் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் பயணம் செய்யும் சாம் ரேபர்ன் சுங்கச் சாலை அதுதான்.

இதில் நியாயத்துக்கு ஒரு கேடும் நிகழ்ந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. ஒருவருடைய விலை ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு இன்னொருவரை அழைத்து விலை கேட்பது எந்த ஏலத்திலும் முறையாகாது. மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இதைச் சுட்டிக்காட்டி, போட்டியின் நேர்மை குலைந்தால் மத்திய நிதி பாதிக்கப்படலாம் என்று மாநிலத்தை எச்சரித்தது. வட்டாரத்துக்குக் கூடுதல் பணம் கிடைத்தது என்பதற்காக அந்தக் குறையை மறந்துவிட முடியாது. பொது ஆணையத்துக்கு முதல் உரிமை கொடுக்க வேண்டும் என்றால், அதை ஏலம் அறிவிப்பதற்கு முன்பே சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். செனட் மசோதா 792 பின்வந்த சாலைகளுக்கு அதைத்தான் செய்தது: சாலையின் சந்தை மதிப்பு முதலில் கணக்கிடப்படும், சுங்க விகிதம் முதலான நிபந்தனைகளை மாநிலத் துறையும் உள்ளூர் ஆணையமும் சேர்ந்து முடிவு செய்யும், அந்த மதிப்பில் சாலையை எடுத்துக் கட்ட ஆணையத்துக்கே முதல் வாய்ப்பு.

கேள்வி: அந்த 320 கோடி டாலர் எங்கே போனது? ஆஸ்டினில் இருக்கும் மாநில அரசு அதை வேறு ஊருக்குச் செலவிட்டிருக்கலாம் அல்லவா?
(வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: அதைத் தடுத்ததுதான் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்று நினைக்கிறோம். சுங்கச் சாலை ஒப்பந்தத்தின் பேரில் வரும் முன்பணமோ உபரி வருவாயோ மாநில நெடுஞ்சாலை நிதியில் தனிக் கணக்காக வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சாலைக்கும் அதற்குள் ஓர் உட்கணக்கு இருக்க வேண்டும். அந்தப் பணத்தை மாநிலத் துறை அந்த வட்டாரத்தின் சார்பில் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருக்கும். அந்த வட்டாரத்தின் சாலைகளுக்கும் போக்குவரத்துத் திட்டங்களுக்குமே அது செலவாக வேண்டும் என்று சட்டம் வகுத்தது. பணத்தை எதற்கு ஒதுக்குவது என்பதை முடிவு செய்யும் பொறுப்பை வட்டாரத் திட்டக் குழுவுக்கே கொடுக்கவும் வழி செய்தது.

டாலஸ் பகுதியில் அந்தக் குழு, சாலையில் சுங்கம் கட்டுவோர் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறார்கள் என்பதை அடிப்படையாகக் கொண்டு மாவட்டங்களுக்குப் பங்கு பிரித்தது. நகராட்சிகளும் மாவட்டங்களும் கொடுத்த பட்டியல்களிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட வேலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சந்திப்பு அகலப்படுத்துதல், உட்சாலைகள், ரயில் தடம் எனப் பலவும் அதில் அடங்கும். சுங்கம் கட்டியவரின் ஊருக்கே அந்தப் பணம் திரும்ப வேண்டும் என்ற நெறி, எந்த நாட்டின் சுங்கச் சட்டத்திலும் இடம்பெறத் தகுந்தது.

கேள்வி: யார் அதிக முன்பணம் தருகிறாரோ அவருக்கே சாலையைக் கொடுத்துவிடலாமே? அரசுக்கு அதைவிட எளிய கணக்கு ஏது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தோற்றவருக்குக் கொடுக்கும் சில லட்சம் டாலரைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். வென்றவர் கொடுக்கும் நூற்றுக்கணக்கான கோடியைத்தான் அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த முன்பணத்தை ஏலதாரர் தம் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. பெரும்பகுதியைக் கடனாக வாங்கிக் கொடுக்கிறார். அந்தக் கடனையும் வட்டியையும் முதலீட்டாளரின் லாபத்தையும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சாலையில் போகிறவர்கள் அடைக்கிறார்கள். தென்னந்தோப்பை வருங்காலக் காய்ப்புக்குச் சேர்த்து இன்றைக்கே குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்குவதைப் போன்றதே இது. வாங்கிய ஆட்சி அதைச் செலவழித்துவிடும். கட்டணம் கட்டப்போகிற இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஏலத்தில் வாக்கு இருக்கவில்லை.

முன்பணம் உயர்ந்தால் சுங்கமும் உயர்ந்தாக வேண்டும், அல்லது குத்தகைக் காலம் நீள வேண்டும். பொது ஆணையம் எடுத்த சாம் ரேபர்ன் சாலைக்கும் இது பொருந்தும். அதற்கு வகுக்கப்பட்ட கொள்கையின்படி, ஆண்டுக்கு 2.75 விழுக்காடு வீதம் கணக்கிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுங்கம் கூடுகிறது. 320 கோடி டாலரைக் கடனாக வாங்கி மாநிலத்திடம் கட்டிய ஆணையத்துக்கு வேறு வழியில்லை. வட்டாரத்தின் மற்றச் சாலைகளுக்குக் கிடைத்த பணம் சுங்கம் கட்டும் பயணிகளின் பையிலிருந்து போகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிச் செய்தால் அது ஒரு கொள்கை. இலவசமாகக் கிடைத்த பணம் என்று சொல்லிச் செய்தால் அது ஏமாற்று.

இண்டியானா மாநிலம் 2006ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, 157 மைல் நீளமுள்ள தன் சுங்கச் சாலையை 75 ஆண்டுகளுக்குச் சின்ட்ரா, மக்குவாரி கூட்டுக்குக் குத்தகைக்கு விட்டு ஏறத்தாழ 380 கோடி டாலர் பெற்றது. ஆளுநர் மிட்ச் டேனியல்ஸ் அந்தப் பணத்தை மாநிலத்தின் மற்றச் சாலைகளுக்குச் செலவிட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் பொருளாதார வீழ்ச்சி வந்து வண்டிகள் குறைந்தன. கடன் சுமை தாங்காமல் குத்தகை நிறுவனம் 2014இல் திவாலானது. 2015இல் ஓர் ஆஸ்திரேலிய ஓய்வூதிய முதலீட்டு நிறுவனம் 570 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. அந்தத் தொகை கடன் கொடுத்தவர்களுக்குப் போனது; மாநிலத்துக்குக் கிடைக்கவேண்டியது 2006லேயே கிடைத்து முடிந்திருந்தது. மாநிலம் நல்ல விலைக்கு விற்றது என்று அதைப் பாராட்டுவோர் இருக்கிறார்கள். மாநிலத்தின் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியே. அந்த ஒப்பந்தப்படி சுங்கம், ஆண்டுக்கு 2 விழுக்காடு, விலைவாசி உயர்வு, தலைக்குரிய உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி ஆகிய மூன்றில் எது அதிகமோ அதன்படி ஏறலாம் என்பதையும் அதே புத்தகத்தில் எழுதியாக வேண்டும்.

கேள்வி: டெக்சஸில் ஒரு சுங்கச் சாலையில் மணிக்கு 85 மைல் வேகம் அனுமதிக்கப்பட்டதற்கும் ஏலப் பணத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
(வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்)

பதில்: உண்டு. ஆஸ்டினுக்குத் தெற்கே மாநில நெடுஞ்சாலை 130இன் 41 மைல் பகுதியை 2007ஆம் ஆண்டு சின்ட்ரா, ஸாக்ரி கூட்டு நிறுவனம் ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. வேக வரம்பு 80 மைலாக இருந்தால் மாநிலத்துக்கு 6.7 கோடி டாலர், 85 மைலாக இருந்தால் 10 கோடி டாலர் என்று ஒப்பந்தத்திலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. வேகம் கூடினால் பக்கத்து நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இங்கே வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2011இல் சட்டமன்றம் அந்த வேகத்துக்கு வழிவிட்டது. 2012 அக்டோபரில் சாலை திறந்தபோது 85 மைல் பலகைகள் நடப்பட்டிருந்தன. அது மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர். அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வரம்பு. எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை. 2016இல் அந்த நிறுவனம் திவாலானது.

சாலையின் வேக வரம்பை அதன் வளைவுகளும் பார்வைத் தூரமும் தீர்மானிக்க வேண்டும். அதற்கு விலைப்பட்டியல் எழுதும் ஒப்பந்தத்தைச் சட்டம் அனுமதித்திருக்கவே கூடாது.

கேள்வி: வென்ற ஏலதாரருக்கும் அரசு பணம் கொடுப்பதுண்டா?
(வாசகி, திருச்சி)

பதில்: உண்டு. சுங்கத்தால் மட்டும் செலவை ஈடுகட்ட முடியாத சாலைகளில் அரசும் ஒரு பங்கு போடுகிறது. டெக்சஸில் வட டாரன்ட் விரைவுச் சாலைக்கு ஏறத்தாழ 57 கோடி டாலரும், டாலஸின் எல்பிஜே விரைவுச் சாலைக்கு ஏறத்தாழ 49 கோடி டாலரும் மாநிலத்தின் பங்காக ஒதுக்கப்பட்டன. இரண்டும் 52 ஆண்டு ஒப்பந்தங்கள். குறைந்த அரசுப் பணம் கேட்பவருக்கு முன்னுரிமை கிடைக்கும்படி ஏலத்தை அமைத்தால் இதில் தவறில்லை.

தவறு எங்கே நேரும் என்பதற்கு வர்ஜீனியா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சஃபோக்குக்கும் பீட்டர்ஸ்பர்குக்கும் இடையே 55 மைல் புதிய சுங்கச் சாலைக்கு, 460ஆம் எண் நெடுஞ்சாலைத் திட்டம் என்ற பெயரில், 2012 இறுதியில் ஏறத்தாழ 140 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். சதுப்பு நிலங்களைத் தொடுவதற்கு மத்திய இராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவை. அந்த அனுமதி கிடைப்பதற்கு முன்பே, தவணை அட்டவணைப்படி ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. சாலை விழுங்கப்போகும் சதுப்பு நிலம் ஏறத்தாழ 480 ஏக்கர் என்று தெரிந்தபோது வேலை நின்றது. அதற்குள் மாநிலம் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருந்தது. ஒரு மைல் சாலைகூடப் போடப்படவில்லை. 2015இல் ஒப்பந்தம் ரத்தாகி, பேச்சுவார்த்தைக்குப் பின் ஒப்பந்தக்காரர் 4.6 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்து, மேலும் கேட்டிருந்த 10.3 கோடி டாலரையும் விட்டுக்கொடுத்தார்.

அந்த அடிக்குப் பிறகு வர்ஜீனியா சட்டமன்றம் அதே ஆண்டு பிரதிநிதிகள் அவை மசோதா 1886ஐ நிறைவேற்றியது. தனியாருடன் சேர்ந்து கட்டும் சாலை எந்த வகையில் பொது நலனுக்கு உகந்தது, எந்தெந்த நட்ட அபாயங்கள் தனியாருக்கு மாற்றப்படுகின்றன என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஓர் ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு வைத்து, கையெழுத்துக்கு முன் அதை அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. அடுத்து வந்த 66ஆம் எண் நெடுஞ்சாலை ஏலத்தில், வென்ற நிறுவனம் கட்டுமானத்துக்கு மாநிலத்திடம் பணம் கேட்காததுடன் 57.9 கோடி டாலரைக் கொடுக்கவும் செய்தது. அந்தச் சாலைக்கு வண்டிகள் நிறைய என்பது ஒரு காரணம். மாநிலம் தன் கணக்கை முதலில் போட்டு வைத்துக்கொண்டு பேரத்தில் உட்கார்ந்தது என்பது இன்னொரு காரணம்.

கேள்வி: குத்தகைக்கு விட்ட சாலையை நடுவில் திரும்ப வாங்க முடியுமா? என்ன விலை?
(வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்)

பதில்: உங்கள் ஊரிலேயே அது நடந்திருக்கிறது. டெக்சஸில் தனியார் சுங்க ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், அரசு விரும்பினால் சாலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பிரிவு இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதன் விலை எப்படிக் கணக்கிடப்படும் என்பதும் ஒப்பந்தத்திலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

ஹூஸ்டனின் மாநில நெடுஞ்சாலை 288இல் நடுவே போடப்பட்ட 10 மைல் சுங்கத் தடம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 2023இல் ஸ்பெயினின் அபெர்டிஸ் நிறுவனம் அதில் 56.8 விழுக்காட்டுப் பங்கை 153 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 மார்ச்சில் மாநிலப் போக்குவரத்து ஆணையம் அந்தப் பிரிவைப் பயன்படுத்தி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வாக்களித்தது. மொத்தச் சாலைக்கும் மதிப்பிடப்பட்ட விலை ஏறத்தாழ 170 கோடி டாலர். சந்தையில் அந்தச் சாலை அதைவிட எவ்வளவோ அதிகம் பெறும் என்பதைப் பங்கு விற்ற விலையே காட்டுகிறது. ஒப்பந்தம் போட்ட அன்றே விலையின் கணக்கை எழுதி வைக்கச் சொன்ன சட்டம் இல்லாவிட்டால், மாநிலம் அன்றைய சந்தை விலைக்கு மன்றாட வேண்டியிருந்திருக்கும்.

கேள்வி: இந்தச் சட்டங்கள் இன்றும் நடைமுறையில் உள்ளனவா? புதிய சுங்கச் சாலை ஏலம் வந்தால் எங்களைப் போன்ற குடிமக்கள் எதைக் கேட்டுப் பார்க்கலாம்?
(வாசகி, பிளேனோ, டெக்சஸ்)

பதில்: ஐம்பது ஆண்டுக் குத்தகை ஒப்பந்தங்களைப் புதிதாகப் போடும் அதிகாரம் மாநிலத் துறைக்கு 2017 ஆகஸ்டு இறுதியுடன் முடிந்துவிட்டது. பதினெட்டுத் திட்டங்களுக்கு அதை நீட்டிக்க வந்த பிரதிநிதிகள் அவை மசோதா 2861, அந்த ஆண்டு மே மாதம் 51க்கு 79 என்ற வாக்குகளில் தோற்றது. 2014, 2015 ஆண்டுகளில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த அரசியலமைப்புத் திருத்தங்களின் வழியாக வரும் சாலை நிதியையும் சுங்கச் சாலைக்குப் பயன்படுத்தக்கூடாது. ஏற்கனவே போட்ட குத்தகைகள் தொடர்கின்றன. வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தங்களும் தொடர்கின்றன. ஆகவே தோற்றவருக்குத் தொகை தரும் பிரிவுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

தனியாருக்குச் சுங்க உரிமை தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு, மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதன் சட்டத் தகுதியைப் பார்க்க வேண்டும். சுங்க விகிதமும் அது உயரும் முறையும், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் நிபந்தனைகளும் விலையும், பக்கத்தில் வேறு சாலை போட்டால் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய ஈடும் மக்களுக்கு வெளியிடப்பட்டு, பொது விசாரணை நடக்க வேண்டும். அந்த விசாரணைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆண்டுச் சுங்கம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முப்பதாவது ஆண்டுச் சுங்கத்தையும், அந்த ஆண்டில் சாலையைத் திரும்ப வாங்கும் விலையையும், முன்பணம் எந்தக் கணக்கில் யார் பெயரில் வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.